திரி நீளமான பாட்டு

நேற்று குடோனில் பேப்பர் லோடு இறங்கியது. கட்டுகளைச் சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கிவிட்டு ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் உள்ளே போய் நின்றேன். புதுப் பேப்பரின் அந்த லேசான புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. கையை ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். சத்தம் எங்கும் மோதித் திரும்பவில்லை, தட்டிய இடத்திலேயே அடங்கிவிட்டது. உடனே உன் குரல் ஞாபகத்துக்கு வந்தது: "மொதலாளி, ரூம் ரெடி ஆயிருச்சு."

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. துக்கம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட உன்மேல் எனக்குக் கோபம்தான் அதிகம். ஒரு பாட்டை என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தப் பாட்டுக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழைய கதை உனக்கும் தெரியும் என்றாலும் அதை விட்டுவிட்டு என்னால் ஆரம்பிக்க முடியாது.

பிளஸ் டூ முடித்த கையோடு எங்கள் பிரஸ்ஸில் கட்டிங் மெஷினுக்கு வந்தாய். நான் மதுரையில் காலேஜ் படித்துவிட்டு, தோளில் ஒரு கிதாரை மாட்டிக்கொண்டு, இந்த ஊரில் எவனுக்கும் சங்கீதம் தெரியாது என்ற நினைப்பில் திரிந்துகொண்டிருந்தேன். அப்போது கேசட்டுக்குள் மடித்து வைக்கிற அட்டைகள் அச்சடிக்கும் ஆர்டர் எங்களுக்கு வரும். அதில் வெளிநாட்டுப் பாட்டுக் கூட்டங்களின் அட்டைகளும் இருக்கும். தொண்ணூறுகளில் அங்கே பெயர் வாங்கிய ஆல்பங்கள் நம் ஊருக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன. மடிப்பைப் பிரித்தால் பொடி எழுத்தில் பாட்டு வரிகள் இருக்கும். அச்சு கலங்கிப்போன அட்டைகளை நீ வீட்டுக்குக் கொண்டுபோய், டிக்‌ஷனரியை வைத்து அர்த்தம் பார்த்து, பாட்டையே கேட்காமல் அதற்கெல்லாம் நீயாக ஒரு மெட்டுப் போட்டு வைத்திருந்தாய்.

அது எனக்குத் தெரிந்த அன்றைக்கு உன்னை என் அறைக்குக் கூட்டிப்போய் அந்தக் கேசட்டில் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அமெரிக்காவில் ஓயாமல் மழை பெய்யும் ஏதோ ஒரு ஊர்க்காரர்கள் அவர்கள். கிதார் இரைச்சலுக்கு அடியில் ஒருத்தன் தூக்கத்தில் பாடுவதுபோலப் பாடுவான். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுப் பக்கமும் கேட்டாய்.

"அட்டையில எம்புட்டு அழகா எழுதிருக்கான்! பாட்டுல ஒரு எளவும் கேக்கலையேலே!"

"அதுதான்டா ஸ்டைல்."

"என்ன ஸ்டைலு? என் மெட்டுதான் நல்லாருக்கு."

பாடியும் காட்டினாய். சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. உன் மெட்டுதான் நன்றாக இருந்தது.

அந்தக் கேசட்டுகளை நாம் எத்தனை விதமாகப் பிரித்துப் போட்டுப் பார்த்திருப்போம்! தூங்குமூஞ்சிக்காரன் வரியை ஏன் பாதியில் விடுகிறான், இன்னொருத்தன் ஏன் ஒரே வரியை அலுக்காமல் திருப்பிச் சொல்கிறான் என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசுவோம். நம் இருவருக்கும் சண்டையே வராத ஆல்பம் ஒன்றுதான். அதில் பாட்டு தொடங்கும் முன் நாற்காலி ஒன்று கிரீச்சிடும், யாரோ செருமுவார்கள். நான் அதை வெட்டியிருக்கலாமே என்றேன். "வெட்டினா அவன் அங்கன உக்காந்திருக்கது எப்படிலே தெரியும்?" என்று கேட்டாய். அன்றிலிருந்து நம் பாட்டிலும் எதையும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்தோம்.

மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டு சட்டென்று பெரிதாக வெடித்துக் கிளம்பும். அந்தக் காலத்து ஆல்பங்களில் பாதி அப்படித்தான். அது புதுமை என்று நான் விளக்கப் போனபோது நீ சிரித்தாய். "இது நம்ம ஊர் வெடிச் சரக்குடா. திரி எரியிறப்ப சத்தமே இருக்காது. எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு நிப்பாக. அந்த நேரந்தான் பாட்டு. திரி நீளமா இருக்கணும் மாப்ள." பாட்டு எழுதுவதைப் பற்றி நான் கேட்டதில் இன்றைக்கும் உருப்படியாக மனதில் நிற்பது அதுதான்.

விருதுநகரில் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசித்த ஒருவரிடமிருந்து, கேசட்டிலேயே நாலு டிராக் பதியும் பழைய மெஷின் ஒன்று கிடைத்தது. அதில் பாதி வேலை செய்யாது. ஞாயிற்றுக்கிழமை பிரஸ் ஓடாது என்பதால், வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கும் இந்தக் குடோன்தான் நமக்கு ஸ்டூடியோ. பேப்பர் நிறைந்திருந்தால் எதிரொலி இருக்காது. டிரம் கிடையாது. பேப்பர் கட்டின்மேல் உள்ளங்கையால் தட்டுவாய்.

அந்தப் பாட்டை உன் சித்தியைப் பற்றி எழுதினாய். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவர்கள் வேலை பார்த்தார்கள். அலுமினியப் பொடி ஏறி, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கையில் வெள்ளி மினுமினுப்புப் போகாது. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உனக்குக் கையாட்டுவார்கள். 'கம்பெனி பஸ்ஸு போயிருச்சு, கம்பியில விரலு மினுங்குது.' அதைப் பாடிக் காட்டியபோது சித்தி காராச்சேவுத் தட்டை நம் முன்னால் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏலே, பாடுறதுக்கு ஊருல வேற கையே கிடைக்கலையா உனக்கு?" என்னைப் பார்த்து, "தம்பி, நீங்களும் சேந்துக்கிட்டு இவனைக் கெடுக்கீகளா?" என்றார்கள். கோபமெல்லாம் இல்லை. தெருவில் எல்லோரிடமும் அந்தப் பாட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அதைப் பதிந்தோம். முதலில் பாடியதெல்லாம் உனக்குப் பிடிக்கவில்லை. கையில் இருந்தது ஒரே கேசட், அதனால் ஒவ்வொன்றின் மேலும் அடுத்ததைப் பதிந்துகொண்டே வந்தோம். கடைசியாகப் பாடும்போது உன் குரல் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டது. விரல் மினுங்குகிற வரி முடிந்தது. நான் கிதாரில் ஒரே ஒரு கம்பியை மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். நீ சொன்ன திரி எரியும் நேரம் அது. அப்போது தெற்கிலிருந்து கனமாக ஒரு சத்தம் வந்தது. கூரைத் தகரம் அதிர்ந்து தூசி கொட்டியது. நீ பதறவில்லை. பாதிச் சிரிப்போடு அந்தச் சத்தத்தின் மேலேயே ஏறி உள்ளே வந்தாய். அதற்கு முன்னும் பின்னும் நீ அப்படிப் பாடி நான் கேட்டதில்லை.

பாட்டு முடிந்து மெஷினை நிறுத்தியதும் குதித்தாய். "மாப்ள! எவனோ சாம்பிள் போட்டு நமக்கு டிரம் அடிச்சுக் குடுத்துட்டாம்லே!"

நானும் அப்படித்தான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வெளியூர் வியாபாரி வந்தால் ஆலைக்காரர்கள் பொட்டலில் வைத்துச் சாம்பிள் வெடித்துக் காட்டுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நாம் சத்தத்துக்குத் திரும்புவதில்லை, வானத்தைப் பார்த்துப் புகை இருந்தால்தான் ஓடுவோம். குடோனுக்கு ஜன்னல் கிடையாது. நாம் உள்ளே உட்கார்ந்து அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

டீ குடிக்க வெளியே வந்தபோது டீக்கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கடைக்காரர் ரோட்டில் நின்றார். தெற்கே புகை. "தாயில்பட்டிப் பக்கமுனு சொல்லுதாக" என்றார். தீபாவளி சீசன் என்பதால் சித்திக்கு ஞாயிறும் வேலை. நீ என் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அங்கே நீ பார்த்ததை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

சித்திக்குக் காரியமெல்லாம் முடிந்த பிறகு குடோனுக்கு வந்தாய். தாடி வளர்ந்திருந்தது. மெஷினைத் தொடாமல் தள்ளி நின்றாய்.

"அதுதான்லே அது?"

"எப்படிடா சொல்ல முடியும்? அன்னைக்கு எத்தனை பேரு சாம்பிள் போட்டிருப்பான்!"

"ஆலையில எல்லாரும் மத்தியானக் கஞ்சி குடிச்சிட்டு எந்திரிச்ச நேரமாம். வேற சத்தமே கேக்கலைங்காக. எனக்குத் தெரியும்லே."

"அழிச்சிருவோம். வேறொருக்கா பாடு."

"அழிக்காத." வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, "யாருக்கும் போட்டும் காட்டாத" என்றாய்.

இந்த இரண்டையும் சேர்த்து ஒருவனிடம் சொல்லிவிட்டுப் போவது என்ன நியாயம்? அழிக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அழித்திருப்பேன். வேறு பாட்டாவது பாடு என்று எத்தனை தடவை உன்னைக் கெஞ்சினேன்! "பாட்டுல மெதுவா ஒரு இடம் வந்தாலே காதைப் பொத்தணும் போல இருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாய். அதன் பிறகு நீ பாடவே இல்லை. மஞ்சள் காமாலையைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து இழுத்தடித்து, கடைசியில் மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் வந்தபோது உனக்கு நினைவில்லை.

போன மாதம் உன் அம்மா பிரஸ்ஸுக்கு வந்தார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "தம்பி, அவன் பாடுனது உங்ககிட்ட இருக்காம்லா? போட்டோ இருக்கு. குரலு இல்ல. நாளாக நாளாக அவன் குரலு மறந்துருமோன்னு பயமா இருக்கு தம்பி." தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடுவதற்கு என்ன இருக்கிறது! உன் குரல் உலகத்திலேயே ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. அதே கேசட்டில் அவர்களுடைய தங்கச்சி செத்த சத்தமும் இருக்கிறது.

டிசைன் போடும் கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, வெடியை மட்டும் வெட்டிப் பார்த்தேன். வெட்டிய இடத்தோடு நீ மூச்சு இழுப்பதும் அந்தப் பாதிச் சிரிப்பும் முதல் சொல்லும் போய்விட்டன. சத்தத்தின் மேலேயே ஏறி வந்தவனை அதிலிருந்து எப்படிப் பிரிப்பது? வெட்டிய பாட்டில் நீ யாரோ மாதிரி இருந்தாய். தூக்கிப் போட்டேன். கொடுக்காமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் அம்மா சொன்ன 'மறந்துருமோ' காதிலேயே நின்றது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் அம்மாவைக் குடோனுக்குக் கூட்டி வந்தேன். பேப்பர் கட்டின் மேல் துண்டை விரித்து உட்காரவைத்தேன். நீ உட்காரும் இடம்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்கனயா உக்காந்து பாடுவான்?" என்று கட்டைத் தடவிக் கொடுத்தார்கள். நான் பொத்தானை அமுக்கினேன். நீ செருமினாய். அந்தச் செருமலுக்கே அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

கம்பெனி பஸ் வந்தது. "இது என் தங்கச்சியவா பாடுதான்?" என்று கேட்டார்கள். ஆமாம்மா என்றேன். "அவ கைதான். சோத்துப் பானையெல்லாம் மினுங்கும்" என்று அழுதுகொண்டே சிரித்தார்கள். விரல் மினுங்கும் வரி முடிந்தது. என் ஒற்றைக் கம்பி மட்டும் ஒலித்தது. சத்தத்தைக் குறைக்கும் திருகின்மேல் என் கை இருந்தது. கொஞ்சம் திருப்பினால் போதும். ஆனால் சத்தம் குறைந்தால் நீயும் குறைவாய். நான் திருப்பவில்லை.

வெடித்தது. அம்மா அசையவில்லை. லேசாக உச்சுக்கொட்டினார்கள்.

"சாம்பிள் போட்டிருக்கானுக பாருங்க தம்பி. எம்புள்ள பாடுத நேரமாப் பாத்து."

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "ஆமாம்மா, சாம்பிள்தான்" என்றேன். இத்தனை வருஷம் அதை நாம் இரண்டு பேர் சுமந்தோம். இனி அந்தச் சத்தம் எது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். இது எனக்குப் பாரமாக இருக்கிறது. யாரிடமும் இறக்கிவைக்கவும் மாட்டேன். நீ சொன்னதில் ஒன்றை மீறிவிட்டேன், அதற்காக உன்னிடம் மன்னிப்பும் கேட்கப் போவதில்லை.

பாட்டு முடிந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா போடுங்க தம்பி" என்றார்கள். திருப்பிச் சுற்றிப் போட்டேன். செருமல், பஸ், கம்பி, விரல். திரி எரியும் நேரம் வந்தது. இந்தத் தடவை நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா மெஷினுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்கள். சத்தம் வந்தபோது உன்னிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னார்கள்:

"அது கெடக்கு. நீ பாடுய்யா."

நீ பாடினாய்.