தெரிந்தே ஊதிய விசில்

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். ஓடிப்போய் வலிக்கு ஸ்ப்ரே அடித்தார்கள். அந்தக் காரமான மருந்து வாசனை காற்றில் வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ செத்ததிலிருந்து வழக்கமாக வருவதுபோல அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீடு திரும்பும்போது எனக்குள் இருந்தது கோபம்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ரமணாசிரமத்துப் பக்கம் அந்தக் காபிக் கடையில், வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து நாம் பார்க்காத ஃபுட்பால் மேட்சா? பெரிய பெரிய ஆட்டக்காரன் எவனாவது யாரும் தொடாமலே விழுந்து புரண்டால், "பாரு மச்சான், பிரசவ வலி வந்துடுச்சு" என்பாய். ஆட்டம் முடிந்ததும் ரெஃப்ரிக்கு மார்க் போடுவாய். எவனுக்கும் நீ பாஸ் மார்க் கொடுத்ததில்லை. "விழுறவன் பொழப்புக்கு விழுறான். தெரிஞ்சே அவனுக்கு விசில் ஊதுறான் பாரு, அவனைத்தான் உதைக்கணும்" என்பாய்.

அதனால்தான் நம் டோர்னமென்ட் ஃபைனலுக்கு உன்னை ரெஃப்ரியாகப் போட்டபோது எனக்கு அத்தனை பெருமை. கீழ்பென்னாத்தூர் அணிக்கு நான் கேப்டன். எதிரில் அடி அண்ணாமலை. ஆரம்பத்திலிருந்தே கூட்டம் உன்னைக் கிழித்தது. "கூட்டாளிக்கு ஊதுறான்டா! ரெண்டும் ஒரே தட்டுல துன்றவனுங்க!" ஆட்டம் முடிகிற நேரத்தில் அவர்கள் அணி பிரகாஷ் பந்தோடு எங்கள் கோல் எதிரே வந்துவிட்டான். நான் காலை நீட்டினேன். பட்டதாகத் தோன்றவில்லை. ஐயோ என்று கத்திக்கொண்டு அவன் விழுந்தான். நீ ஓடி வந்து, குனிந்து, அவனிடம் ஏதோ சொன்னாய். பிறகு பெனால்டி கொடுத்தாய். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

எங்கள் பசங்க உன்னை அடிக்கப் பாய்ந்தார்கள். குறுக்கே நின்றவன் நான். "அவன் பார்த்தா சரியாத்தான் பார்த்திருப்பான். என் கால் பட்டிருக்கும், வுடுங்கடா" என்றேன். தோற்ற கேப்டன்தான் ரெஃப்ரிக்குச் சால்வை போர்த்த வேண்டும் என்பது நம் டோர்னமென்ட் வழக்கமாயிற்றே. மனசாரப் போர்த்தினேன். அதுவரை உன்னை ஏசிய அதே கூட்டம், "ரெஃப்ரின்னா இவன்தான்யா, கூட்டாளியையே வுடலை பாரு" என்று உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டது. எனக்கு 'கசாப்பு' என்று பேர் வைத்தது. அடுத்த வருடம் சொந்த அணியே என்னைக் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, "கசாப்பு வந்துட்டான், காலை மடக்குங்கடா" என்று சிரிப்பார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாயே!

போன ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அதே பிரகாஷ்தான். இப்போது கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருக்கிறான். உருண்டவனைப் பார்த்து, "நான் இவனைவிட நல்லா விழுவேன்ணா" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அவர் இருந்த வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அன்னிக்கு உங்க கால் படவே இல்லைண்ணா. அவருக்கும் தெரியும். 'நடிச்சது போதும், எழுந்திரு'னு என் காதுல சொல்லிட்டுதான் பெனால்டி கொடுத்தாரு. 'ஏன்ணா?'னு அப்புறம் கேட்டேன். 'கொடுக்கலைன்னா கூட்டாளிக்காக மறைச்சிட்டான்னு பேசுவானுங்க'ன்னாரு."

அடப்பாவி! ஊர் உன்னை யோக்கியன் என்று சொல்வதற்காக என்னை விற்றாயா? சரி, அந்தக் கூச்சலில் பயந்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள் டீக்கடையில், "மச்சான், தப்பா ஊதிட்டேன்டா" என்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தால் போதுமே. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன். பிரகாஷுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா? உன்னைத் தோளில் சுமந்து சுடுகாட்டுக்குக் கொண்டுபோனேனே, அன்றைக்கும் நீ தப்பே செய்யாதவன் என்று சொல்லித்தான் அழுதேன்.

பிரகாஷ் சொல்லி முடித்தபோது மைதானத்தில் ரெஃப்ரியைச் சுற்றி ஒரே சண்டை. பின்னாலிருந்த ஒருவர் என் தோளைத் தட்டினார். "நீங்க ஆடினவராச்சே, சொல்லுங்க சார். இப்ப அவனுக்குக் கால் பட்டுச்சா, சும்மா விழுந்தானா?"

"தெரியலைங்க" என்றேன். என் கண்ணெதிரில்தான் நடந்தது. ஆனால் என் சொந்தக் கால் பட்டதா இல்லையா என்பதையே உன் விசிலைக் கேட்டுத்தானே நான் தெரிந்துகொண்டேன்? இனி யாரைக் கேட்பேன், சொல்.