பாய்லர் ரூம் மஞ்சள் பெட்டி

கார்த்திகை 21, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. தாஸின் மில் சட்டை இரண்டிலும் சாம்பல் புள்ளி. மறுபடி அலசிப் போட்டேன்.

வாங்க வேண்டியது: து. பருப்பு, கற்பூரம், முட்டிக்குத் தைலம். கரி வேண்டாம்.

ஏழுமலையை நேற்று எடுத்தாயிற்று. மில்லில் பாய்லர் பார்க்கிறவன், வெள்ளிக்கிழமை பகலில் அந்த ரூமிலேயே விழுந்து கிடந்தான். கழுத்தில் ஐயப்பன் மாலை அப்படியே. அதற்கு முந்தின நாள்கூட என் டப்பாவைத் திறந்து சுண்டலை அள்ளிக்கொண்டு, "சாமி துன்னா உனுக்குத்தான் புண்ணியம், சாம்பிராணி அத்த" என்றான்.

மில்லில் எல்லோருக்கும் நான் சாம்பிராணி அத்தை. பழைய பேப்பரை ஊறவைத்துக் கூழாக்கி அட்டை செய்கிற இடம். எனக்குப் பெருக்குகிற வேலை. வெள்ளிதோறும் பாய்லர் ரூம் அம்மன் படத்துக்குக் கரி மூட்டி சாம்பிராணி காட்டுவது நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

படத்துக்குப் பக்கத்திலேயே அந்த மஞ்சள் பெட்டி. கெட்ட புகை சேர்ந்தால் கண்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும். அந்தப் புகைக்கு வாசனை கிடையாது, கண் எரியாது, தூங்க வைத்தே ஆளைக் கொன்றுவிடும் என்று தாஸ் சொல்லியிருக்கிறான். என் கரிக்கும் அது அடிக்கும். அங்கே உட்கார்ந்திருக்கிற தாஸ் பட்டனை அமுக்கி மணியை நிறுத்திவிட்டு, நோட்டில் 'சாம்பிராணி' என்று எழுதுவான். இரண்டு வருஷமாக இதே சிரிப்பு.

தாஸ் என் அண்ணன் மகன். என்னோடுதான் இருக்கிறான். இந்த வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதும் அவன்.

இந்த வெள்ளி நான் மில்லுக்கே போகவில்லை. பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்த நாள். காலையில் மேலூர், உச்சிக்குத் திருவொற்றியூர், சாயங்காலம் வட திருமுல்லைவாயில். மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்த்தால் கேட்டது கிடைக்கும். கூடப் பெருக்குகிற மேரியிடம் மட்டும் சொன்னேன். எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தாஸ் விடியுமுன்னே ஷிப்டுக்குப் போய்விட்டான், அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், லீவு எழுதிக்கொடு என்று கத்துவான்.

அன்றைக்கும் மணி அடித்திருக்கும். நான்தான் என்று நினைத்து அமுக்கியிருப்பான்.

கார்த்திகை 22, திங்கள்

மழை விட்டது. கொசு. மில் ஓடவில்லை, பாய்லர் ரூமுக்குப் பூட்டு. கூழ் நாற்றம் இல்லாமல் தெருவே வேறு மாதிரி.

தாஸ் இரண்டு நாளாக டீ மட்டும். இன்றைக்குத்தான் வாய் திறந்தான்.

"புதன்கெயம விசாரணை அத்த. ஆபீசர் வர்றாரு. அன்னிக்கும் சாம்பிராணி போட்டேன்னு சொல்லிடு. ரிஜிஸ்டர்ல நீ வந்ததா தான் கீது."

"ஏழுமலை எப்படிப் போனான்னு கேப்பாங்களேடா."

"குட்ச்சிட்டு சாம்பல் கதவத் தொறந்து போட்டு பட்த்துகினான்னு மேல சொல்லிகினு கீறாங்க."

"மாலை போட்ட புள்ளடா அவன்."

"எனுக்குத் தெரியாதா? என் தோஸ்து அத்த."

அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சிம்னியில் ஒரு மிஷின் இருக்கிறது. எவ்வளவு தூசி போகிறது என்ற நம்பர் நேராக மாசுக் கட்டுப்பாட்டு போர்டு ஆபீசுக்கே போய்விடும், யாரும் கை வைக்க முடியாது. அன்றைக்கு நம்பர் சிவப்பாகிவிட்டது. மேலிருந்து போன்: புகையைச் சிம்னிக்கு இழுக்கிற ஃபேனைக் குறை.

"கொறச்சேன். நம்பரு எறங்கிச்சு. பொகை உள்ள திரும்பிகிச்சு. மணி அட்ச்சுது. நீதான்னு நென்ச்சேன்."

நானும் சுவரைப் பார்த்தேன். பல்லி.

கார்த்திகை 23, செவ்வாய்

பஸ் லேட். கத்திவாக்கத்தில் இறங்கி சேற்றில் நடை. செருப்பு வார் அறுந்தது. ஏழுமலை பெண்டாட்டி கலா வீடு. போகாமல் இருந்திருக்கலாம்.

கலா அழவில்லை. தொண்டை போயிருந்தது.

"மில்லு ஆளுங்க வந்து, உம் புருசன் குடிப்பாரானு கேக்குறாங்க அத்த. மாலை போட்டு செருப்புகூட போடாத மனுசன். ஊரே இப்ப என்னைப் பாக்குது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மணி ஒண்ணு கீதுன்னு சொல்வாரு. பயப்படாத, அது அட்ச்சா தாஸ் ஓடியாந்து என்னை இட்டுகினு பூடுவான்னு சொல்வாரு. அது அடிக்கலியா அத்த?"

"சாப்டியா" என்று கேட்டேன்.

ராத்திரி சாமி கும்பிடவில்லை. எத்தனையோ வருஷத்தில் முதல் தடவை.

கார்த்திகை 24, புதன்

வெயில். பச்சைப் புடவை. போகும்போது மனசுக்குள் ஒத்திகை: போட்டேங்க, எப்பவும் போல போட்டேங்க. அம்மா மன்னிப்பாள். சொந்த ரத்தம்.

ஆபீசர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார். நோட்டைத் திருப்பிக் காட்டினார். தாஸ் கையெழுத்து, வெள்ளிக்கு வெள்ளி. சாம்பிராணி. சாம்பிராணி. ஒரு இடத்தில் 'அத்தை, ரெண்டு கை அதிகம்'. கடைசியில், 11.40, 'அத்தை, சாம்பிராணி'.

11.40க்கு நான் திருவொற்றியூரில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். தாஸுக்கு வேலை பர்மனென்ட் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு.

"அன்னைக்கு நீங்க போட்டீங்களாம்மா?"

தாஸ் வாசலில். என்னைப் பார்க்கவில்லை. கலா சொன்னதுதான் காதில், ஓடியாந்து இட்டுகினு பூடுவான்.

"இல்லீங்க. நான் அன்னிக்கு மில்லுலயே இல்ல. என் கையெழுத்த மேரி போட்டா, நான் கேட்டுத்தான். அவமேல தப்பில்ல. ஏழுமலை குடிக்கல."

ஃபேன் சங்கதி நான் சொல்லவில்லை. தாஸ் உள்ளே வந்தான். "அத்த சொல்றது நெசம் சார்" என்றான். ஃபேனைப் பற்றி அவனே சொன்னான். போன் செய்தது யார் என்றும்.

சாயங்காலம் போலீஸ் ஜீப்பில் ஏறும்போது திரும்பி, "மாடியில சட்டை கீது, எடு" என்றான்.

கார்த்திகை 26, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை. வேலை போயிற்று, எனக்கும் மேரிக்கும். மேரி பேசவில்லை. அண்ணி ஊரிலிருந்து போன், ஒரே கேள்வி: "நீ அவனுக்கு அத்தைதானா?" வைத்துவிட்டாள்.

தாஸைப் பார்க்க விடவில்லை. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது.

விளக்கு மட்டும் ஏற்றினேன். சாம்பிராணி இல்லை.

மத்தியானம் கலா வந்தாள். உட்காரவில்லை. குடி என்ற பேச்சை மில்லில் விட்டுவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"கோயிலுக்குப் போறன்னு அவன்கைல ஒரு வார்த்தை சொல்லிகீறலாமே அத்த. அப்ப ஓடியாந்துருப்பான் இல்ல?"

ஆமா என்றேன். ஓடியாந்துருப்பான்.