மழை சொல்லாத முள்

பிலோமினா அப்பாவுக்கு,

நெத்திலிக் குழம்பும் சோறும் மூடி வைத்திருக்கிறேன். நேற்று மாதிரி பட்டினி கிடக்காதீர்கள்.

நானும் பிலோமினாவும் மாதா கோயிலுக்குப் போகிறோம். நாளைக்குச் சப்பரம் புறப்பட வேண்டும், காகிதப் பூவெல்லாம் மறுபடி செய்தாக வேண்டும். நேற்று நீங்கள் கப்பல் ஏலத்தில் எடுத்த அந்த மழை பார்க்கும் கருவியைத் தட்டிப் பார்த்து, "நல்ல வெயில்னு முள்ளு காட்டுது, வெளியே காயப் போடு" என்றீர்கள். நம்பிப் போட்டேன். அரை மணியில் மழை கொட்டி அத்தனை பூவும் கூழ்.

கோபத்தில் அந்தக் கருவியை ரோச்சோர் ஆற்றில் வீசச் சொல்லிவிட்டேன். நீங்களும் அதை ஆணியிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டீர்கள்.

காலையில் கப்பலில் வேலை பார்க்கும் அந்தோனி அண்ணன் வந்தார். அவரிடம் காட்டினேன். "இது சீமை வானத்துக்குச் செஞ்சது தங்கச்சி. இங்க மழை கொட்டினாலும் முள்ளு இருந்த இடத்துலயே கிடக்கும். மாப்பிள்ளை என்ன செய்வாரு?" என்று சிரித்தார்.

அதனால் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன். பாவம், கடல் தாண்டி வந்தது. நம்மைப் போல அதுவும் இந்த வானத்தைப் பழகிக்கொள்ளட்டும்.

மதலேனா

மறந்துவிட்டேன்: பால்காரர் வந்தால் இன்று அரைப்படி போதும்.

இன்னொன்று: முள் இன்றும் நல்ல வெயில் என்கிறது. கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. தெரிந்துதான் குடையைக் கதவுக்குப் பின்னால் விட்டுப் போகிறேன். ஆறு மணிக்குக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள்.