ரேம் ரங்கசாமி தந்த இரண்டு நட்சத்திரம்

பெங்களூரு
5.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கம்ப்யூட்டர் கடையில் ஆள் நிற்கும்போது போனில் பேச முடியாது, வாய்ஸ் மெசேஜ் போட்டால் கஸ்டமரும் சேர்ந்து கேட்கிறார் என்று சொல்லி என்னை மெயில் எழுதப் பழக்கியவள் நீதான். அதனால் இதையும் எழுதியே சொல்கிறேன்.

இரண்டு வருஷமாக என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இப்போது சொல்லலாம். 'கடலை லோடு' என்று ஒரு போன் கேம். செய்தது நாங்கள், வெளியிட்டது மும்பைக் கம்பெனி ஒன்று, அதனால் எங்கள் கம்பெனி பெயர் முகப்பில் இருக்காது. நம் பக்கத்துக் கீழ்பென்னாத்தூரில் மினி லாரியில் கடலை மூட்டை ஏற்றி, மேடு பள்ளம், ஆடு மாடு, திருவிழாக் கூட்டம் எல்லாம் தாண்டி, ஒரு மூட்டைகூட விழாமல் மார்க்கெட் கமிட்டியில் கொண்டுபோய் இறக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு லோடு. ஊரைச் சொன்னது நான்தான். விலை குறைந்த போன்களிலும் அது ஓடும்படி செய்ததும் நான்தான். விளம்பரத்தில் 'எல்லா போனிலும் ஓடும்' என்று ஒரு வரி இருக்கிறதே, அது என் பேச்சை நம்பிப் போட்டது.

போன வாரம் ரேம் ரங்கசாமி என்று ஒருவர் விமர்சனம் எழுதியிருக்கிறார். தமிழில் கம்ப்யூட்டர், போன், கேம் பற்றி எழுதுகிறவர்களில் அவருக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி, நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்! 'மூன்றாவது லோடில் போன் தோசைக்கல் ஆகிவிடுகிறது. எல்லா போனிலும் ஓடும் என்று எழுதிய புண்ணியவான் எந்த ஊர் ஏசியில் உட்கார்ந்து எழுதினார்?' என்று கேட்டிருக்கிறார். அதை எங்கள் தலைவர் அருணகிரி மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் படித்தார். அம்மா, அந்தப் புண்ணியவான் நான். அடுத்த கேமுக்கு யார் தலைமை என்று இந்த மாசக் கடைசியில் முடிவு செய்யப் போகிறார்கள். என் பெயர்தான் முதலில் இருந்தது.

அந்த ஆள் நம் ஊர்க்காரர் என்று அவர் இணையப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. திருவண்ணாமலையில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்களில் உனக்குத் தெரியாதவர் யார்? எப்படியாவது கண்டுபிடித்துப் பேசேன். விமர்சனத்தை எடுத்துவிட்டால் நல்ல கேமிங் லேப்டாப் ஒன்று அனுப்புவதாக அருணகிரி சொல்கிறார். வேலை வெட்டி இல்லாத ரிட்டயர்டு ஆளாகத்தான் இருக்கும், வாங்கிக்கொள்வார்.

உன் அன்பு மகள்,
கவிநிலா

திருவண்ணாமலை
7.5.2025

என் கண்ணு கவிநிலாவுக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரைமணி நேரம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் பெண் செய்த கேமை ஊரே ஆடுகிறது, எனக்குத் தெரியவில்லை! கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். ஜாதிச் சான்றிதழுக்கு மனு போட வந்தவர்கூட, "அப்டியாம்மா, ரொம்ப சந்தோஷங்க"ன்னு சொல்லிவிட்டுத்தான் போனார். அப்பா தன் பட்டன் போனில் அந்த கேம் வராது என்று தெரிந்தும் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

ஒரு குறை மட்டும். கடலை மூட்டையை லாரியில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவார்கள், நீங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகப் படுக்க வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் திருப்பத்தில் சரிகிறது.

அந்த ரங்கசாமி பற்றிக் கேட்டாய். கேள்விப்பட்டிருக்கிறேன். கொஞ்சம் பிடிவாதக்காரர். லேப்டாப் வாங்குவார் என்று தோன்றவில்லை. அதுவும் கேமிங் லேப்டாப்! உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்ற வழி பண்ணாமல், கீபோர்டுக்குக் கீழே ஏழு கலர் லைட் போட்டுக் கல்யாண மண்டபம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஐந்து வருஷப் பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தால் அது பாட்டுக்கு ஓடும். போனும் அப்படித்தான். நாலு கேமரா என்பான், எக்ஸ்ட்ரா ரேம் என்பான். அந்த எக்ஸ்ட்ரா ரேமை உன் ஸ்டோரேஜிலிருந்தே எடுத்து உனக்கே தருவான்.

சரி, அது கிடக்கட்டும். எந்தெந்தப் போனில் வைத்துப் பார்த்தீர்கள்? எந்த இடத்தில்? அப்போது அறையில் எவ்வளவு சூடு? எனக்கு எழுது.

வேளைக்குச் சாப்பிடு.
அம்மா

பெங்களூரு
10.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னேன், நீ அந்த ஆளுக்கு வக்கீலாக வந்து என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாய். பதினான்கு போன், அதில் ஒன்பது விலை குறைந்தது. எங்கள் ஆபீசில், இருபத்துநான்கு டிகிரியில். எல்லாவற்றிலும் ஓடியது. போதுமா?

இப்போது விஷயம் முற்றிவிட்டது. போட்டிக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டுதான் ரங்கசாமி இப்படி எழுதினார் என்று அருணகிரி ஒரு மறுப்பு போடப் போகிறார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் ஆதாரம் வேணுமா?"ன்னு கேட்கிறார். அந்த மறுப்பை எழுதும் வேலை எனக்கு. வியாழக்கிழமை, பதினைந்தாம் தேதி வெளிவரும். அதற்குள் நீ அவரைப் பிடித்தால் நல்லது. இல்லாவிட்டால் நான் எழுதத்தான் போகிறேன்.

கவிநிலா

திருவண்ணாமலை
13.5.2025

அன்பு மகள் கவிநிலாவுக்கு,

நேற்று சித்ரா பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டம் பவர் பேங்க் கேட்டு கடையை மொய்த்துவிட்டது, அதனால் உடனே எழுத முடியவில்லை என்று சொல்லலாம். பொய். எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

ரேம் ரங்கசாமி நான்தான்.

உன் அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரிண்டரைப் பற்றி என் சொந்தப் பெயரில் எழுதினேன். 'யார் எழுதிக் கொடுத்தது அக்கா?' என்று ஒருவன். 'சமையல் குறிப்பு போடுங்க' என்று ஒருவன். ஒரு வாரம் கழித்து அதையே, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், ரங்கசாமி என்ற பெயரில் போட்டேன். 'அண்ணே, சூப்பர்' என்று முந்நூறு பேர். அன்றைக்கு வந்த கோபத்தில் பிறந்தவர்தான் அவர்.

யாரிடமும் நான் பத்துப் பைசா வாங்கியதில்லை. கம்பெனிகள் அனுப்பி வைக்கும் போனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். உன் கேமை எதிர் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் முருகையன் போனில் ஆடினேன், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பேர் கையில் இருப்பது அந்த மாதிரி போன்தான். மூன்று மத்தியானம் பார்த்தேன். கடைக்குள் ஃபேன் காற்றில் இருபது நிமிஷம் தாங்கியது. ஆட்டோவில், வெளியே நாற்பது டிகிரி வெயிலில், பதினொன்றாவது நிமிஷம் நின்றுவிட்டது. சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், உனக்குத் தெரியாததா? உங்கள் ஆபீஸ் ஏசியில் அது ஒருநாளும் நடக்காது. குளிர்ந்த அறையில் உட்கார்ந்து நம் ஊர் வெயிலை மறந்துவிட்டாய், அவ்வளவுதான் நடந்தது.

நீ செய்தது என்று எனக்குத் தெரியாது. கீழ்பென்னாத்தூர் என்று பார்த்தபோதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். 'ரிட்டயர்டு ஆள்' என்று நீ எழுதியதும் ஒரு வீம்பு வந்துவிட்டது. அது என் தப்பு. விமர்சனத்தை எடு என்று ஒரு வார்த்தை சொல், எடுத்துவிடுகிறேன். மகளைவிட ரங்கசாமி பெரிய ஆள் இல்லை. ஆனால் நான் எடுத்தாலும் முருகையன் போன் பதினொன்றாவது நிமிஷம் நிற்கத்தான் போகிறது.

அம்மா

திருவண்ணாமலை
19.5.2025

கவிநிலா கண்ணு,

வியாழக்கிழமை போய் நாலு நாள் ஆகிறது. மறுப்பும் வரவில்லை, உன் பதிலும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவும் மாட்டேன் என்கிறாய். திட்டியாவது எழுது. விமர்சனம் அப்படியே இருக்கிறது, நீ எடுக்கச் சொல்லவில்லை என்பதால். அப்பா தினமும் "லெட்டர் வந்துச்சா?"ன்னு கேட்கிறார்.

அம்மா

பெங்களூரு
28.5.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபம் இருந்தது. இரண்டு நட்சத்திரத்துக்காக இல்லை. நான் உன்னிடம் அழுதுகொண்டு வந்தபோது, அந்த ஒரு கடிதத்தில் நீ வேறு யாரோ மாதிரி எனக்குப் பதில் எழுதினாய். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுப்பை எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். யார் என்று சொல்லவில்லை, 'அந்த ஆள் காசு வாங்கமாட்டார், எனக்குத் தெரியும்' என்று மட்டும் சொன்னேன். அருணகிரிக்கு முகம் சுருங்கியது.

இருபத்தொன்றாம் தேதி லீவு போட்டுக் காலை பஸ் பிடித்து நம் ஊருக்கு வந்தேன். பதினான்கு போனையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, கடைக்கு எதிரில் முருகையன் அண்ணன் ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்தேன். நம் கடை போர்டு தெரிந்தது. நீ யாருக்கோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாய். உள்ளே வர மனசு வரவில்லை. "அம்மாகிட்ட சொல்லாதீங்கண்ணா"ன்னு கேட்டேன். "இன்னா பாப்பா, சண்டையா? அம்மா மூஞ்சே சரியில்ல, ஒரு வாரமா பாக்குறேன்"ன்னு சொன்னார். அப்போது அழுதுவிட்டேன்.

விலை குறைந்த ஒன்பது போனில் ஆறு நின்றது. நீ பதினொன்றாவது நிமிஷம் என்று எழுதினாய், ஒரு போன் ஒன்பதாவது நிமிஷமே நின்றது. ரங்கசாமி கொஞ்சம் தாட்சண்யம் பார்த்திருக்கிறார்.

திரும்பிப் போய் மீட்டிங்கில் எழுந்து நின்று, 'தப்பு என்னுடையது, வெயிலில் வைத்துப் பார்க்கவில்லை' என்றேன். ஐந்து நாள் உட்கார்ந்து சரி செய்தேன். இப்போது போன் சூடேறத் தொடங்கினால், அது தவிக்கும் முன்பே கேம் திரையில் காட்டும் புழுதியையும் நிழலையும் குறைத்துக்கொள்ளும். ஆடுபவருக்குத் தெரியாது. நேற்று வெளியிட்டோம். மூட்டையும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியாயிற்று.

தலைமைப் பொறுப்பு தென்றலுக்குப் போய்விட்டது. அவள் நல்ல பொறியாளர்தான், ஆனாலும் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் முதல் உத்தரவாக என்ன போட்டிருக்கிறாள் தெரியுமா? இனிமேல் எந்தக் கேமும் மே மாச வெயிலில் திருவண்ணாமலைக்குப் போய்வராமல் வெளிவரக்கூடாதாம். இதைக் கேட்டதும் எனக்குப் பதவி உயர்வே கிடைத்த மாதிரி இருந்தது.

ரங்கசாமியை மறுபடி ஆடிப் பார்க்கச் சொல். மகள் என்று பார்க்க வேண்டாம்.

உன்
கவிநிலா

திருவண்ணாமலை
31.5.2025

என் தங்கத்துக்கு,

எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனாயே. வாசலில் நின்றாவது ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கலாம். முருகையனை நன்றாகக் கேட்டுவிட்டேன். இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

மூன்று மத்தியானம் ஆடினேன், அதே ஆட்டோ, அதே போன். மறு விமர்சனத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போடுவதாக இருக்கிறேன். உன் பெயர் வருகிறது, அதனால் முதலில் உன்னிடம் காட்டுகிறேன்.

'கடலை லோடு, மறு விமர்சனம். வெளியே நாற்பத்தொரு டிகிரி. பன்னிரண்டு லோடும் ஒரே மூச்சில் ஆடினேன். போன் கை பொறுக்கும் சூட்டில்தான் இருந்தது, ஒருதரம்கூட நிற்கவில்லை. போன முறை நான் கேட்ட கேள்விக்கு யாரும் அறிக்கை விடவில்லை, வேலை செய்து பதில் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு கம்பெனி அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த முறை நட்சத்திரம் தர மாட்டேன். தர எனக்கு உரிமை இல்லை. இதைச் சரி செய்த பொறியாளர் கவிநிலா என் மகள். முதல் விமர்சனம் எழுதியபோது அது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், அதனால் நீங்களே ஆடிப் பார்த்து நட்சத்திரம் போடுங்கள். இன்னொன்று. ரங்கசாமி என்று ஒருவர் இல்லை. ஏழு வருஷமாக எழுதியது நான். போளூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் பாஞ்சாலை.'

நாற்பதாயிரம் பேரில் எத்தனை பேர் நிற்பார்கள், தெரியாது. 'அண்ணே' என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் என்ன சொல்வார்களோ. சொல்லட்டும். என் பெண் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று 'தப்பு என்னுடையது' என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னதற்குப் பொறுப்பையும் இழந்திருக்கிறாள். அப்படிப்பட்டவளைப் பெற்றவள் இன்னொருத்தர் பெயருக்குப் பின்னால் நிற்கலாமா? எனக்கு உன்னை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது கண்ணு. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

போடலாமா வேண்டாமா, எழுது.

அம்மா

பெங்களூரு
1.6.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

போடு. ஒரே ஒரு திருத்தம். என் பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டுவிட்டாய். கேமின் கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலில் எங்கள் ஆட்கள் 'கா. கவிநிலா' என்று போட்டிருந்தார்கள். அதை நேற்று மாற்றச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் கேட்டேன். "அம்மா பேரு முன்னாடி வரட்டும், என்னுது பின்னாடி வரட்டும், அதனால இன்னா"ன்னார். நீயும் அப்படியே போட்டுவிடு.

அன்புடன்,
பா. கா. கவிநிலா