மேட்டுக்காட்டில் போட்ட சுண்ணாம்புக் கோடு

அக்கா,

இன்று காலை எங்கள் தெருவில் கால்வாய் தோண்டுவதற்குச் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பால் வாங்கப் போன நான், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். கோடு போடுகிறவர் ஓரமாகப் போகச் சொல்லி இரண்டு முறை குரல் கொடுத்தாராம், எனக்குக் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பால் பாக்கெட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இந்த வாரம் முழுக்க நான் இப்படித்தான் இருக்கிறேன். நம் மேட்டுக்காட்டுத் தொல்லியல் ஆய்வறிக்கை புத்தகமாக வருகிறது, அதன் கடைசி அச்சுப்படி திங்கட்கிழமை வந்தது. பிழை இருந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள் திருத்தி அனுப்பவேண்டும். பின்பகுதியில் ஒரு வரி இருக்கிறது. தளப் பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் பெரிய வரப்பு முழுவதும் அழிந்தது என்று. அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் உங்கள் பெயர். அது பொய். பொய் என்று தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

உங்களை முதலில் பார்த்தது அந்த மேட்டில்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால், சரளைக் கல்லும் முள்ளுமாகக் கிடக்கிற தரிசு அது. பழைய காலத்தில் இரும்பு உருக்கிய கசடு கிடைக்கும் என்று நாங்கள் நாலு பேர் குனிந்த தலை நிமிராமல் தேடிக்கொண்டிருந்தோம். கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்துபோய், நீங்கள் கூடை தூக்கும் வேலைக்கு வந்திருந்தீர்கள். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ பெரியவர். மூன்றாம் நாள் மதியம் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டீர்கள்: "இன்னா மா, வந்த நாள்லேர்ந்து கல்லயே பாத்துக்கினு கீறீங்க. தரைய பாக்க மாட்டீங்களா?"

சின்ன வயதில் அங்கே ஆடு மேய்த்ததாகச் சொன்னீர்கள். மழை பெய்த மறுநாள் தண்ணீர் கட்டம் கட்டமாக நிற்குமாம். நான் பாதி நம்பவில்லை. படித்தவளுக்கு இருக்கும் திமிர்தான், வேறென்ன. ஐப்பசி மழைக்கு மறுநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனீர்கள். நீள நீளமாகத் தண்ணீர்ப் பட்டைகள், இரண்டுக்கும் நடுவில் கணுக்கால் உயரத்துக்கு மண் விளிம்பு. வரப்புகள். யாருக்கும் நினைவு தெரிந்து ஏர் பிடிக்காத மேட்டில் ஒரு முழு வயல்வெளி. அதன் மேலேதான் நான் அத்தனை நாளும் செருப்புக் காலோடு நடந்திருக்கிறேன்.

அப்புறம் எல்லாமே வேகமாக நடந்தது. வரப்பு ஓரம் பொறுக்கிய பானை ஓடுகள் சோழர் காலத்தை ஒட்டியவையாக இருக்கலாம் என்றார்கள். பெரிய வரப்பின் கோடியில் கல்லால் கட்டிய ஒரு சின்ன மதகு பாதி புதைந்து கிடந்தது. வற்றிப்போன ஏதோ ஒரு ஏரியிலிருந்து தண்ணீர் அதன் வழியே வந்திருக்கவேண்டும். இந்தச் சரளையை உடைத்து வயலாக்கிய மனிதர்கள் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று நான் தினமும் புலம்புவேன். ஏரி உடைந்ததா, வரி தாங்காமலா, சண்டையா? நீங்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள்: "நெலத்த யாரும் சும்மா உட்டுட்டுப் போமாட்டாங்க. தண்ணி போயிருக்கும், இல்ல தொரத்தியிருப்பாங்க." தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் உங்களுடையது. அறிக்கையில் நான் நாலு பக்கம் எழுதியும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

இன்னொன்று. அந்த வயலுக்குள் நீங்கள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. சுற்றிக்கொண்டு போனாலும் வரப்பு மேலேயேதான் நடப்பீர்கள். இங்கே எந்தப் பயிர் மிதிபடப்போகிறது என்று கேலி செய்தேன். பழகிப்போச்சு, உள்ளே இறங்கினால் யாரோ அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியுமா என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மேலிருந்து படம் பிடிக்க ட்ரோன் வருவதாக இருந்தது. கணுக்கால் உயர வரப்பு படத்தில் விழாது என்று எனக்குப் பயம். பெரிய வரப்பின் முதுகில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டுவிட்டால் பளிச்சென்று தெரியும், எட்டு மணிக்குள் பெருக்கித் தள்ளிவிடலாம் என்றேன். எங்கள் வேலையில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் நீங்கள் கட்டட வேலையும் பார்த்தவர்.

"சுண்ணாம்பு வாணாம் மா. கோடு போட்டா நோண்டுற எடம்னு அர்த்தம். வண்டிக்காரன் யாரையும் கேக்க மாட்டான், எறங்கிடுவான். கவுறு கட்டி துணி தொங்கவுடலாம்."

பக்கத்து மனையில் சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அது என் கண்ணில் படாமல் இல்லை. கயிறு மேலிருந்து தெரியாது அக்கா, ஒரு ராத்திரிதானே என்றேன். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றீர்கள், மூட்டையைத் தொடவே இல்லை. கோடு முழுவதையும் நானே போட்டேன். நேராக வந்திருக்கிறதா என்று தள்ளி நின்று ரசித்தேன் வேறு.

காலையில் ட்ரோன்காரர் தாமதமாகும் என்றார். புதுவாயல் கூட்டு ரோட்டில் நாஷ்டா முடித்துவிட்டு வரலாம் என்று எல்லாரையும் கிளப்பியதும் நான்தான். திரும்பி வந்தபோது பக்கத்து மனைப் பொக்லைன் மதகு வரைக்கும் போய்விட்டிருந்தது. என் கோட்டின் மேலேயே, ஒரு அடி இப்படி அப்படி விலகாமல் தோண்டியிருந்தார்கள். குறுக்கே வெட்டியிருந்தால்கூட வரப்பின் உள்ளடுக்கையாவது பார்த்திருக்கலாம். நீளவாக்கில் வெட்டியதால் வரப்பே இல்லை. வரப்பின் அடியில் வெயில் படாமல் மூடிக்கிடந்த மண்ணை வைத்துத்தான் அது எந்தக் காலத்தது என்று உறுதியாகச் சொல்லியிருக்க முடியும். அந்த மண் லாரியில் ஏறிப் போய்விட்டது. வண்டி ஓட்டியவர் பாவம், மார்க்கிங் போட்டிருந்தது, தோண்டினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்மேல் என்ன தப்பு?

மதியம் குழுத் தலைவர் வந்தார். யார் கோடு போட்டது என்று கேட்டார். நான் அளவு நாடாவைச் சுற்றத் தொடங்கினேன். நீங்கள் கூடையைக் கீழே வைத்தீர்கள்.

"நாந்தான் சார் போட்டேன். மேடம் வாணான்னுதான் சொன்னாங்க."

நீங்கள் என்னிடம் சொன்னதை, நான் உங்களிடம் சொன்னதாக மாற்றி எனக்கே கொடுத்துவிட்டீர்கள். அப்போதாவது நான் பேசியிருக்கவேண்டும். பேசவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை, அதுவே போதுமானதாக இருந்தது. அன்றோடு உங்களை நிறுத்திவிட்டார்கள். பஸ் நிறுத்தம்வரை கூட வந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோபமே இல்லாமல் பதில் சொன்னீர்கள்: "நீ போயிட்டா மீதி வரப்ப யாரு வரைவா? நான் போனா கூடை தூக்க வேற ஆளு வரும்." அந்த ஒரே ஒரு தடவைதான் என்னை நீ என்று கூப்பிட்டீர்கள்.

மீதி வரப்புகளை அளந்து வரைபடத்தில் வரைந்தேன். நன்றாகத்தான் வரைந்திருக்கிறேன் என்கிறார்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்தேன், பழம் வாங்கிக்கொண்டு, நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி. பேக்கிங் வேலை, இடுப்பு வலி, மகளின் ஷிஃப்டு என்று ஏதேதோ பேசினோம். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது முறை வரும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். காய்ச்சல் என்று படுத்தவர் நாலே நாளில் போய்விட்டீர்கள்.

போன வாரம் உங்கள் மகள் கூப்பிட்டாள். அம்மா பேர் புத்தகத்தில் வருகிறதாமே, மாமியார் வீட்டில் காட்டவேண்டும், ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டாள். எனக்குத் தூக்கம் போனது அன்றிலிருந்துதான். அந்த அடிக்குறிப்பை அவள் மாமியார் முன்னால் விரல் வைத்துப் படிப்பாள். உண்மையை எழுதினாலும் பயம்தான். அடுத்த மாதம் மேட்டின் தெற்குப் பக்கம் ஆய்வு தொடங்கவேண்டும், பொறுப்பு என்னுடையது. ஒரு கோட்டில் பொய் சொன்னவள் மற்றக் கோடுகளை மட்டும் ஒழுங்காகவா வரைந்திருப்பாள் என்று யாராவது கேட்டால்? அந்த இடத்துக்குக் கம்பெனிகள் காத்திருக்கின்றன. என் வரைபடம் செல்லாது என்றால் மிச்ச வரப்புக்கும் பொக்லைன் வந்துவிடும். நீங்கள் பழியை ஏற்றுக்கொண்டதே அந்த வரப்புகளுக்காகத்தானே? சரி, அது காரணமா, எனக்கு வசதியான சாக்கா? நாலு நாளாக இதே கேள்விதான், இதே பதறல்தான்.

இதுவரை எழுதி நிறுத்திவிட்டு, நாலரை மணிக்கு அந்த வரியை அடித்து நீக்கினேன். சுண்ணாம்புக் கோடு போட்டது நான், தளப் பணியாளர் வேண்டாம் என்று எச்சரித்தார், நான் கேட்கவில்லை என்று எழுதினேன். உங்கள் பெயரை அடிக்குறிப்பிலிருந்து எடுத்து முதல் பக்கத்தில், வயல்வெளியைக் கண்டறிந்தவர் என்ற இடத்தில் வைத்தேன். அனுப்பிவிட்டேன். தலைவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. போனைக் கவிழ்த்து வைப்பதும் திருப்பிப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

புத்தகம் வருவதற்கு முன் என் வாயால் சொல்லிவிடவேண்டும் என்று உங்கள் மகளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அம்மா ஊட்லயும் நான்தான் போட்டேன்னு சொல்லிச்சு, ஆன்ட்டி," என்றாள். "நாங்க நம்பிட்டோம். காலைல அது கோலமாவு எடுத்தாலே, நீ கோடு போடாதம்மா, பொக்லைன் வந்துடும்னு கிண்டல் பண்ணுவோம். ரெண்டு வருசம் பண்ணோம். அது சிரிச்சிக்கினே டப்பாவ எங்கையில குடுத்துட்டு உள்ள போயிடும்."

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

புத்தகத்தில் இருந்ததை ஒரு வரியில் திருத்திவிட்டேன், அக்கா. உங்கள் வீட்டு வாசலில் தினமும் காலையில் நடந்ததை எங்கே போய்த் திருத்துவது? அதை இனி நான்தான் வைத்துக்கொண்டிருக்கவேண்டும்.