வியாழனில் பிறந்தவன்

கடிதம் எண் 23
டமாலே, 12 மார்ச் 1987, வியாழன், மாலை 4.10

அன்பு மனைவி அஃபியா செர்வாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

இவ்வூரில் எல்லோருக்கும் நான் ‘கிடங்கு ஐயா’ மட்டுமே. இன்று காலை 9.20க்கு நம் ஊர் குமாசியிலிருந்து ஒரு லாரி வந்தது. அதன் நெற்றியில் நம் ட்வி மொழியில் எழுதியிருந்த பழமொழியை உரக்கப் படித்துவிட்டேன். ஓட்டுநர் குதித்து இறங்கினார்.

“அட, நம்ம அக்கான் ஆளு! எந்தக் கிழமை பொறந்தீங்க பெரியவரே?”

“வியாழன்.”

“அப்போ யாவ்! சண்டைக்காரக் கிழமையாச்சே. அடிச்சிராதீங்க, யாவ் தாத்தா!”

பிறந்த கிழமையின் பெயரால் என்னை ஒருவர் அழைத்துப் பதினோரு மாதங்களும் நான்கு நாட்களும் ஆகியிருந்தன. சரக்குச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக் கையொப்பமிட்டேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

சாம்பல் சட்டைக்குப் பொத்தான்கள் இரண்டு அனுப்பு. ஒலிநாடாவில் ஏதேனும் பேசி அனுப்பு. பேச ஒன்றும் தோன்றாவிட்டால், சாப்பிடக் கூப்பிடுவதுபோல் என்னைக் கூப்பிட்டால் போதும். லாரி குமாசிக்குத் திரும்பப் புறப்படுகிறது, இதை அந்த ஓட்டுநரிடமே கொடுக்கிறேன்.

யாவ்

இணைப்பு:
1. மாதிரிப் பொத்தான் ஒன்று.
2. வெற்று ஒலிநாடா ஒன்று, அறுபது நிமிடம்.