திருநீற்றில் தெரிந்த எண்

மச்சான்,

நேற்று திருச்சியில் ஒரு ஷெட்டில் நின்ற பழைய காரின் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு வாசம் வந்தது. நனைந்து, முழுசாகக் காயாமல், மறுபடியும் நனைந்த தரைவிரிப்பின் வாசம். மழையில் கிடந்த சாக்கைப் பிரித்தால் வருமே, அது. என் பக்கத்தில் ஒரு பல் மருத்துவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிடுவதென்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டு, பேருக்கு என்னைத் துணைக்கு அழைத்து வந்திருந்தார். வெளியே பச்சை பெயின்ட் பளபளத்தது.

“விரிப்பைத் தூக்குங்க சார்” என்றேன். தூக்கினார். கீழே இருந்த தகரத்தில் விரலை வைத்ததும் விரல் உள்ளே போய், வண்டிக்கு அடியில் வெளியே வந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “எப்படிங்க தெரிஞ்சது?” என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுத்த வார்த்தை உன்னுடையது. “மொதல்ல மூக்கால பாரு மாப்ள, கண்ணு எப்பவும் ஆசைப்படும்.”

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று நேற்று இரவு பஸ்ஸில் வரும்போதே தோன்றிவிட்டது.

ஷார்ஜாவிலிருந்து நீ ஊருக்கே வந்துவிட்ட வருஷம் எல்லோரும் நீ வீடு கட்டுவாய், பெட்ரோல் பங்க் எடுப்பாய் என்றெல்லாம் பேசினார்கள். அடிபட்ட கார்களை வாங்கி நிமிர்த்தி விற்கிற பட்டறையில் பாதி ஆயுசைக் கழித்தவன் நீ. ஒருநாள் என் பம்ப்செட் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “மாப்ள, இத்தன வருசமா அடுத்தவன் காரத் தொடச்சேன். இனி ஒரு காரு நமக்குன்னு வேணும். மேல கூரை இல்லாத காரு. ரெண்டு பேரு மட்டும் போறது” என்றாய். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அந்த ஆசை இருந்ததை நீ ஒருத்தன்தான் அறிவாய். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது புதுக்கோட்டை கீழராஜ வீதியில் அப்படி ஒரு வண்டி போனதைப் பார்த்துவிட்டு நாம் இருவரும் அன்றைக்கு வகுப்புக்கே போகவில்லை.

சிரித்தது உன் வீட்டுக்காரி, என் தங்கச்சிதான். “நாலு பேரு இருக்குற வீட்டுக்கு ரெண்டு சீட்டு காராண்ணே? மத்த ரெண்டு பேரு பின்னாடியே ஓடி வாரதா?” என்று என்னிடம்தான் கேட்டாள். உன்னிடம் கேட்டுப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் கோட்டைப்பட்டினம் போனோம். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த பாய் வீட்டில் நமக்குக் கொடுத்த டீயும் வட்டிலப்பமும். சிவப்பு வண்டி. கடற்கரை வெயிலில் கண் கூசுகிற சிவப்பு. நான் அங்கேயே விழுந்துவிட்டேன். நீ சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்து, மெதுவாகக் கதவின் அடிப்பக்கம் வைத்தாய். பெயின்டில் கீறல் விழாமலிருக்கத்தான் அந்தத் துணி. காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. சக்கரத்துக்கு மேலே வைத்தாய், விழுந்தது. அந்த இடத்திலெல்லாம் இரும்பே இல்லை. உப்புக்காற்று தின்றுவிட்ட ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள்.

நீ சொல்லாமல் நழுவி வந்திருக்கலாம். “பாய், தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்களுக்கு வித்தவன் ஒங்கள ஏமாத்திட்டான்” என்று அவர் கையில் காந்தத்தைக் கொடுத்து அவரையே வைத்துப் பார்க்கச் சொன்னாய். அவர் முகம் சுருங்கியது. ஆனால் வாசல்வரை வந்து, “உண்மையச் சொன்னீங்க, நல்லா இருங்க” என்று வழியனுப்பினார்.

அடுத்தது பொன்னமராவதிப் பக்கம். அங்கே கண்டுபிடித்தது நான் என்பதை இப்போதும் சொல்லிக்கொள்வேன். வண்டிக்காரர் வாசலிலேயே காத்திருந்து, சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பலில் என்ஜின் உறுமியது. நீ தலையாட்டினாய். நான் அவர் திருப்புவதற்கு முன்பே பானெட்டில் கை வைத்துப் பார்த்திருந்தேன். நிழலில் நின்ற வண்டி, தோசைக்கல் மாதிரி சுட்டது. நாம் வருவதற்கு முன்னால் வெகுநேரம் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். என்ஜின் ஆறியிருந்தால் அது கிளம்பாது. “நாளைக்கிக் காலையில வாரோம், அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க” என்றேன். அவர் என்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பஸ் ஸ்டாப்பில் நீ என் தோளில் அடித்து, “மோட்டார்க்காரன் மோட்டார்க்காரன்தான்யா!” என்று கத்தினாய். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.

குன்றாண்டார்கோவில் வண்டியைப் பற்றி நமக்குச் சொன்னது ஒரு டிராக்டர் மெக்கானிக். ஓய்வுபெற்ற அரசு டாக்டரம்மா ஒருவர் வீட்டில் மாட்டுக்கொட்டகையில் ஒரு வண்டி நிற்பதாகச் சொன்னார். அந்த அம்மாவின் கணவர் ஓட்டியது. கணவர் இறந்தபின் யாரும் தொடவில்லை. நாம் போன மதியம் கொட்டகை வாசலில் வேறொரு கார் நின்றது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு வியாபாரி நமக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

அந்த வண்டியைப் பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போனது. நிறம் என்னவென்றே தெரியாத அளவு புழுதி. துணிக்கூரை கிழிந்து தொங்கியது. சீட்டை எலி தின்றிருந்தது. உன் முகத்திலோ வெளிச்சம் வந்தது. கதவைத் திறந்தாய். அது தொங்காமல் நேராகத் திறந்தது. மூடினாய். சத்தம் சுத்தமாக இருந்தது. “இடுக்கப் பாரு மாப்ள, மேலயும் கீழயும் ஒரே அளவு. கூரையில்லாத வண்டிக்கு நடு ஒடிஞ்சா மொதல்ல கதவுதான் சொல்லும். இதுக்கு எலும்பு நல்லா இருக்கு.” காந்தம் வைத்த இடமெல்லாம் கப்பென்று பிடித்தது. “மழை பெய்யாத ஊருன்னு நாம திட்டுறோம். இரும்பு இங்க சொகமா இருந்திருக்கு” என்றாய்.

என்ஜின் என் பங்கு. பிளக்குகளைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, முன்னால் ஸ்பேனர் போட்டு மெல்லத் திருப்பினேன். அசையவில்லை. மறுபடி. மூன்றாவது முறை, தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி ஒரு சின்ன அசைவு. பிறகு முழுச் சுற்று. நான் உன்னைப் பார்த்தேன். நீ இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாய். கிழிந்ததும், கடித்ததும், மங்கியதும் மாற்றிக்கொள்ளலாம். அடிச்சட்டமும் என்ஜினும் உயிரோடு இருந்தன.

அப்போதுதான் வியாபாரி வாய் திறந்தார். மரியாதையான ஆள். அதில் குறை சொல்ல முடியாது. “எல்லாம் சரிங்க. சேசிஸ் நம்பர் எங்கீங்க? தகடு கழண்டு போயிருக்குது பாருங்க. நம்பர் இல்லாத வண்டிய எந்த ஆபீஸ்லயும் பேர் மாத்த முடியாதுங்க. பிரிச்சு ஸ்பேர்தான் விக்கோணும். அதுக்கு என்ன வெலையோ அதைத்தான் நான் சொன்னேன்.” என்ஜின் அறையில் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. டாக்டரம்மா கையில் பழைய ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு, “அவரு வண்டியப் பிரிச்சுப் போட்டுருவீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தாய். முதுகு ஆபரேஷன் ஆகி டாக்டர்கள் குனியவே கூடாது என்று சொல்லியிருந்த ஆள். “மச்சான், வேணாம்டா” என்றேன். “தகடு போனா என்ன மாப்ள, அடிச்சட்டத்துலயே ஒருக்கா நம்பர அடிச்சிருப்பான். மண்ணெண்ணெய்த் துணியக் குடு” என்று கீழேயிருந்து குரல் வந்தது. முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை நீட்டித் துடைத்துக்கொண்டே இருந்தாய். கருப்பு கிரீஸ், அதற்குக் கீழே பழைய பெயின்ட், அதற்கும் கீழே இரும்பு. “தட்டுப்படுதுடா. படிக்கத்தான் முடியல. சாக்பீஸ் கெடைக்குமா டாக்டரம்மா?”

சாக்பீஸ் இல்லை. டாக்டரம்மா உள்ளே போய், சாமி மாடத்திலிருந்து திருநீற்று மரவையைக் கொண்டுவந்து நீட்டினார். நீ ஒரு நிமிஷம் தயங்கினாய். “தேய்ங்க” என்றார். இரும்பில் திருநீற்றைத் தேய்த்து, உள்ளங்கையால் வழித்தாய். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. நான் டார்ச்சைப் பிடித்தேன். நீ கீழே கிடந்தபடி ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாகக் கத்திப் படித்தாய். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புத்தகத்தில் விரல் வைத்தபடி, “சரி… சரி… சரி…” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி எண்ணுக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

வியாபாரி உடனே விலையை ஏற்றினார். நம்மால் எட்ட முடியாத உயரத்துக்கு. நியாயம்தான். எண் இருக்கிற வண்டியின் மதிப்பே வேறு. நாமே தேடிப் பிடித்து, நாமே கை நழுவ விட்டோம் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா உன்னைப் பார்த்தார். “நம்பர் தெரியலைன்னு சொல்லியிருந்தா ஒங்களுக்கே கொறைஞ்ச வெலைக்குக் கெடைச்சிருக்குமே. ஏன் இப்புடிச் சத்தமாப் படிச்சீங்க?”

நீ திருநீறும் கிரீஸுமாக எழுந்து உட்கார்ந்தாய். “அதுக்குன்னு ஒரு பேரு இருக்குங்கம்மா. இருக்குறத இல்லைன்னு சொல்லி எடுத்துட்டுப் போனா, ஓட்டும்போது எனக்குச் சந்தோசமா இருக்காதுங்க.”

அவர் வியாபாரியிடம் திரும்பி, வண்டியை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வடக்கே ஒருவர் விலைக்குக் கேட்டிருப்பதாக வியாபாரி சொன்னார். பிறகு டாக்டரம்மா உன்னிடமும் அதையே கேட்டார். “ஓட்டுவோங்க” என்றாய். அவ்வளவுதான். “வர்றவங்க எல்லாம் மேல தடவிப் பாத்தாங்க. நீங்கதான் கீழ படுத்தீங்க. முடிஞ்சதக் குடுங்க. ஓடுற அன்னைக்கி மொதச் சவாரி எனக்கு” என்றார். நீ குழந்தை மாதிரி அழுதாய். வியாபாரிகூட உன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போனார். வாரிசுச் சான்று வாங்கி, பேர் மாற்றி முடியும்வரை வண்டியை அங்கிருந்து ஒரு அடி நகர்த்தக் கூடாது என்று நீ பிடிவாதமாக இருந்தாய். அந்த அலைச்சலில் நான் உன்னைத் திட்டியதெல்லாம் தனிக்கதை.

என் கடைக்குப் பின்னால் அது மெல்ல மெல்ல எழுந்தது. புழுதிக்குக் கீழே வெண்ணெய் நிறம் இருந்தது. அதையே மறுபடி அடித்தோம். ஓடத் தொடங்கிய அன்று நேராக டாக்டரம்மா வீட்டுக்குப் போனாய். இரண்டே சீட்டு. அவர் ஏறிக்கொண்டதும் நான் என் மொபெட்டில் பின்னால் வந்தேன். கீரனூர் ரோட்டில் நேர்ப்பாதை வந்ததும் நீ அழுத்தினாய். அவருடைய வெள்ளை முடி காற்றில் பறந்தது. “இன்னும் வேகமா! அவரு இன்னும் வேகமாப் போவாரு!” என்று அவர் கத்தியது என் காதுவரை வந்தது. கருவேலங்காட்டுக்கு நடுவே வெண்ணெய் நிறத்தில் ஒரு கோடு போய் மறைந்தது. நான் மொபெட்டை ஓரம் கட்டிவிட்டு, தனியாக நின்று கைதட்டினேன். என் ஆயுசில் அப்படி ஜெயித்தது கிடையாது மச்சான்.

அதற்கடுத்த ஐப்பசியில் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய். காரியம் முடிந்த கையோடு வண்டியை விற்றுவிடச் சொல்லி ஆளாளுக்கு வந்தார்கள். தங்கச்சி எல்லோரையும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, “அண்ணே, எனக்கு ஓட்டச் சொல்லித் தாங்க” என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தன்னவாசல்வரை அவள்தான் ஓட்டினாள். நான் இடப்பக்கத்து சீட்டில், கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. முந்தானையை இடுப்பில் செருகி, கூலிங் கிளாஸ் போட்டிருந்தாள். அன்னவாசல் ரோட்டில் ஒரு டவுன் பஸ்ஸை அவள் முந்தியபோது, பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக விசிலடித்தார்கள். குன்றின் அடியில் சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. பெங்களூர்க்காரர் ஒருவர், “மேடம், இத எனக்குக் குடுப்பீங்களா? நல்ல விலை தரேன்” என்றார்.

“பழைய ஸ்போர்ட்ஸ் காரு வாங்குனா என்னென்ன பாக்கணும்னு தெரியுமாங்க ஒங்களுக்கு?” என்று கேட்டாள் தங்கச்சி.

அவர் விழித்தார். “தெரியாது” என்றார்.

“இங்கிட்டு வாங்க” என்று அவரை அழைத்துப்போய்க் கதவு இடுக்கைக் காட்டினாள். விரிப்பைத் தூக்கிக் காட்டினாள். நம்பர் எங்கே இருக்கிறது என்று காட்ட அவரைத் தரையில் குனியவும் வைத்தாள். எல்லாம் முடிந்ததும், “நல்லாத் தெரிஞ்சுக்கிட்டீங்கள்ல? போயி வேற எடத்துல பாருங்க. இது விக்கிறதுக்கு இல்ல” என்று சொல்லிச் சாவியைத் திருப்பினாள். கூட்டம் கைதட்டியது.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று அங்கே உட்கார்ந்தபடி யோசித்துப் பார்த்தேன். போன வாரம் என் கடைக்கு ஒரு அம்மா, வீணாய்ப்போன மோட்டார் என்று பழைய இரும்பு விலைக்குப் போட வந்தார். பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுருள் முழுக்க நன்றாக இருந்தது. கெட்டிருந்தது ஒரு பேரிங் மட்டும். “அம்மா, இது நல்ல மோட்டாருங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க” என்றேன், கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். நான் அன்று முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்த்தேன்.